நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம்

ஜூலை 7, திங்கள்

அலை இரண்டு மீட்டர். கச்சான் காற்று பலமாக அடிக்கும். மாலை மைக்கில் வாசித்தாயிற்று.

மீனவர்களுக்குக் கடல் நிலவரம் வாசிக்கும் இந்தத் தகவல் மையத்து டைரியில் இவ்வளவு எழுதினால் போதும். மிச்சப் பக்கம் காலியாகக் கிடக்கும். காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். சூப்பர்வைசர் இதை எடுத்துப் படிக்கப் போகிறாரா என்ன? இத்தனை வருஷத்தில் அவர் அட்டையைத் தாண்டியதில்லை.

இன்று விடியும்போதே ரகளை. என் புருஷன் அந்திரேயா கடலிலிருந்து வந்ததும் வராததுமாக வலையை முற்றத்தில் வீசினார். பாதிதான் இருந்தது.

"செம்பாறைக்காரன் வெட்டிட்டாம்ட்டி."

அவர் செம்பாறை என்று சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்க மாட்டார். நான் பிறந்தது அங்கே. வாக்கப்பட்டது இந்தத் தோமையார்துறையில். நடுவில் ஓர் ஓடைதான். வேனலில் சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம்.

"வெட்டினானா, வெட்டுப்பட்டுச்சா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படி ஒண்ணாவும்? நீங்க மீன் அரியும்போது கத்தி தவறி என் விரல் வெட்டுப்பட்டா, அந்திரேயா பொண்டாட்டி விரல வெட்டிட்டான்னா ஊர்ல சொல்லுவாவ?"

"உன் வாய்க்கு, வெட்டினாலும் தப்பில்லன்னு சொல்லுவாவ."

இருட்டில் மிதந்த வலையில் அவர்கள் இன்ஜின் விசிறி தெரியாமல் ஏறியிருக்கலாம். வேண்டுமென்றே ஏற்றியும் இருக்கலாம். பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க 'வெட்டினான்' என்பதே நிலைத்துவிட்டது. 'வெட்டுப்பட்டது' என்று சொல்ல ஆள் இல்லை. சாயங்காலம் ஊர்க் கமிட்டித் தலைவர் பெலவேந்திரன் வீட்டு முன்னால் ஆண்கள் கூட்டமாக நின்று சத்தம் போட்டார்கள்.

மைக்கை அணைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். மகள் ஷைனிக்குச் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். தம்பி கிளாடியஸின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போவதைப் பற்றிப் பேசினோம். வைக்கும்போது, "தம்பிய நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம்னு சொல்லுங்கம்மா, இங்கன கொஞ்சம் சூடா இருக்கு" என்றேன். அவ்வளவுதான். ஓர் அக்கா தம்பிக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வாள்?

ஜூலை 8, செவ்வாய்

அலை இரண்டு மீட்டர். காற்று அதே.

காலையில் தோசை மாவு பொங்கி வழிந்து தரையெல்லாம் வெள்ளை. துடைத்துக்கொண்டிருக்கும்போதே நம் வள்ளங்கள் திரும்பிவிட்டன. நல்ல மீன் ஓடும் நேரத்தில் இவ்வளவு சீக்கிரம் திரும்பி நான் பார்த்ததில்லை.

"கடல்ல செம்பாறைக்காரன் ஒருத்தன்கூட இல்ல" என்றார் அந்திரேயா. "ஒரு வள்ளம் எறக்கல. எல்லாம் கரையிலதான் கெடக்கு."

"சாவு விழுந்திருக்கும்."

"மணி அடிச்சிருப்பாவல்லா? சாவுமில்ல, திருவிழாவுமில்ல. ஒரு ஊரே தொழிலுக்குப் போவாம கரையில உக்காந்து என்ன செய்யுது?"

அதுதான் இன்று முழுக்க ஊரில் கேள்வி. மீன் விற்கும் பெண்களும் அதையே பேசினார்கள், டீக்கடையிலும் அதே பேச்சு. செம்பாறை ஏன் கடலுக்குப் போகவில்லை என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

பெரியத்தான் ஜெரால்டு, என் புருஷனின் அண்ணன், கட்டைக் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். "அன்னைக்கும் இப்படித்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் செம்பாறை வள்ளங்கள் ஒரு நாள் முழுக்கக் கரையில் கிடந்தன. "அவசரப்பட வேண்டாம், பேசிப் பார்ப்போம்" என்று இந்த ஊர் காத்திருந்தது. மறுநாள் அவர்கள் ஓடையைத் தாண்டி வந்தார்கள். நாட்டு வெடி பெரியத்தான் காலில் விழுந்தது. பேசிப் பார்ப்போம் என்று அன்றைக்குச் சொன்ன ஆளே அவர்தான்.

ஜூலை 9, புதன்

இன்று வேறு மாதிரி வாசிக்க வேண்டியதாயிற்று.

பெலவேந்திரன் மையத்துக்கே வந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "ஊர் முடிவு. நல்லாச் சத்தமா வாசி தாயி."

'நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம். ஊர்க் கமிட்டி உத்தரவு.'

"எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அவனுவ எல்லாரும் கரையில இருக்கும்போது நம்ம ஆம்பளைங்க நடுக்கடல்ல நின்னா, ஊர்ல யார் இருக்கா? நீயும் உன் மைக்கும்தான்." பிறகு டிவியில் ஓடும் சண்டையைப் பற்றி ஆரம்பித்தார். எங்கேயோ ஒரு தேசம் பக்கத்து தேசத்தை முந்திக்கொண்டு அடித்ததாம். அடி வாங்கின தேசம் அடிக்கத் தயாராகிக்கொண்டிருந்ததாம். "எவ்வளவு படிச்சவனுவ! அவனுவளே முந்தித்தான் அடிக்கானுவ. நாம என்ன மேதாவியா?"

வாசித்தேன். கச்சான் மேற்கிலிருந்து அடிக்கிறது. செம்பாறை கிழக்கே. என் குரல் அங்கே நன்றாகவே கேட்டிருக்கும்.

கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் போன்.

"எளா ஜெசிந்தா, உன் குரல்தான கேட்டுது? எதுக்குக் கடலுக்குப் போகாண்டாம்ன? என்ன செய்யப் போறாவ?"

"ஒண்ணுமில்லம்மா. கடல் கொஞ்சம்..."

"கடல் மோசம்னா கடல் சீற்றம்னுதான் நீ மைக்குல வாசிப்ப. எனக்குத் தெரியாதா? நெசத்தச் சொல்லு."

நான் என்ன சொல்ல? ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்றேன். பெற்ற அம்மாவிடம் இதைக்கூடச் சொல்லக் கூடாதா?

கடற்கரையில் ஆங்காங்கே கல் குவித்திருக்கிறார்கள். காலி பாட்டில் இருந்தால் கொடுக்கச் சொல்லி வீடு வீடாக ஆள் வந்தது. எங்கள் வீட்டில் இல்லை என்றேன். அந்திரேயா பரணில் ஏறி, நான் தேன் ஊற்றி வைக்க எடுத்துவைத்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தார்.

ஜூலை 10, வியாழன்

அலை இரண்டேகால். கேட்க யாரும் வரவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்பைப் போட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஜூலை 11, வெள்ளி

இன்றைக்கு என் வாயை எதைக்கொண்டு தைக்க?

காலையில் அம்மா சொன்னாள். செம்பாறையில் பிள்ளைகளையெல்லாம் வேன் வைத்து டவுனுக்கு அனுப்பிவிட்டார்களாம். சொந்தக்காரர் வீடு, கன்னியர் மடம் என்று பிரித்து விட்டிருக்கிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. பயந்துபோய் இருக்கிறார்கள், பயந்தவன் அடிக்க வரமாட்டான், இதைச் சொன்னால் இவர் அடங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

சோறு போடும்போது சொன்னேன். "பாவம், பயந்து போயி பிள்ளைகள எல்லாம் டவுனுக்கு அனுப்பிட்டாவளாம். அடிக்க வாரவன் இப்படியா நடுங்குவான்?"

அந்திரேயா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எல்லாப் பிள்ளைகளையுமா?"

"ஆமா."

"அடிக்கப் போறவந்தாம்ட்டி முதல்ல பிள்ளைகள ஒதுக்குவான்."

கையைக் கழுவிச் சட்டையை மாட்டிக்கொண்டு பெலவேந்திரன் வீட்டுக்குப் போனார். மத்தியானம் முழுக்க வரவில்லை. வந்தபோது முகம் இறுகிப் போயிருந்தது. ஷைனியைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நாளை ராத்திரி கடல் வழியாகப் போகிறார்களாம். செம்பாறைக் கரையில் கிடக்கும் வள்ளங்களை எரித்துவிட்டு, விடியும் முன்னால் திரும்பிவிட வேண்டும்.

"ஆளத் தொடமாட்டோம்" என்றார். "வள்ளத்த மட்டும்தான். வள்ளம் போச்சுன்னா அவனுக்குச் சோத்துக்கே பாடு. சண்டைக்கு எங்க வருவான்?"

"அவனுவ வரப்போறானுவன்னு யார் சொன்னா?"

"வரமாட்டானுவன்னு யார் சொன்னா?"

"அப்ப தெரியாமதான அடிக்கப் போறீங்க?"

"தெரிஞ்ச பொறவு அடிக்கக் கால் இருக்காதுட்டி. எங்க அண்ணன் காத்திருந்து தெரிஞ்சுக்கிட்டாம்லா. போயி அவன்கிட்ட கேளு."

"அவனுவளும் இதையேதான நெனைப்பானுவ? நாம வருவோம்னு பயந்துதான கரையில கெடக்கானுவ?"

"அதத்தான் நானும் சொல்லுதேன். பயந்தவன்தான் முதல்ல அடிப்பான். அதுக்கு முன்னால நாம முந்திரணும்."

"அப்ப நாம யாரு? நாமளும் பயந்துதான கெடக்கோம்?"

பரணைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கடைசியில், "ஷைனி மேல ஒரு கல்லு விழுந்த பொறவு நான் நியாயம் பேசிக்கிட்டு நிக்கணுமா? சொல்லு. நீயே சொல்லு" என்றார். இதே மனிதர் ஆட்டுக்குட்டியை அறுக்கும்போது அந்தப் பக்கம் திரும்பி நிற்பவர். அவர் சொன்னது பொய்யாக இருந்தால் நான் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். பெரியத்தானின் கட்டைக் கால் பொய்யில்லையே.

"வள்ளத்துல யாராவது படுத்திருந்தா?" என்றேன்.

"இந்தக் காத்துல எவன் போயி வள்ளத்துல படுப்பான்?"

சாயங்காலம் மைக் வாசித்த கையோடு அம்மாவைக் கூப்பிட்டேன். தம்பியிடம் கொடு என்றேன். அவன் இல்லையாம்.

"அவன் எங்க வீட்டுக்கு வாரான்? நீ சொன்ன நாள்லருந்து வள்ளத்துக்குக் காவல் போட்டிருக்காவ. கல்யாணம் ஆகாத பயலுவ எல்லாம் வள்ளத்துக்குள்ளதான் படுக்கானுவ."

போனை வைத்துவிட்டேன்.

தம்பியிடம் சொன்னால் அவர்கள் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். முதல் வள்ளத்தில் போகிறவர் என் புருஷன். சொல்லாவிட்டால் தீ வைக்கிறவர் என் புருஷன், உள்ளே தூங்குகிறவன் என் தம்பி. இதை எழுதும்போது பேனா பேப்பரைக் கிழிக்கிறது. மாதாவே, எனக்கு ஒரு வழி காட்டும்.

ஜூலை 12, சனி

மையத்துக்கு வந்த செய்தி: அலை ஒன்றேமுக்கால் மீட்டர், காற்று குறையும், எச்சரிக்கை எதுவும் இல்லை.

நான் வாசித்தது: "மீனவர்கள் அனைவரின் கவனத்துக்கு. இன்று இரவு கள்ளக்கடல் எச்சரிக்கை. கரையில் உள்ள வள்ளங்களை உடனே மேட்டில் ஏற்றவும். யாரும் கரையிலோ வள்ளத்திலோ தங்க வேண்டாம். யாரும் கடலில் இறங்க வேண்டாம்." மூன்று தடவை வாசித்தேன். ஒலிபெருக்கியைக் கிழக்கே திருப்பி வைத்துவிட்டு நான்காவது தடவையும் வாசித்தேன்.

மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் கடலைப் பார்த்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். காற்றையும் மழையையும் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கள்ளக்கடலை மட்டும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தூரத்தில் எங்கோ கிளம்பி, அமைதியாகக் கிடக்கும் கடலிலிருந்து சட்டென்று எழுந்து வீட்டுக்குள் வந்துவிடும். போன வருஷம் சித்திரையில் நான் வாசித்த அன்று சிரித்தவர்களின் வள்ளங்கள் ரோட்டில் கிடந்தன. அன்றிலிருந்து நான் கள்ளக்கடல் என்றால் ஊர் ஓடும்.

ஓடியது. பெலவேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பாட்டில்களை அப்படியே போட்டுவிட்டு ஆண்களும் பெண்களும் சேர்ந்து வள்ளங்களை உருளைக்கட்டை வைத்துத் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். செம்பாறைக்காரர்களும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கரையிலும் ஒரே சத்தம். எந்தக் குரல் எந்த ஊர் என்று பிரிக்க முடியவில்லை.

வேலை முடிந்ததும் அந்திரேயா என் பக்கத்தில் வந்து நின்றார். வியர்வையில் குளித்திருந்தார். கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் போக முடியாது" என்றார்.

"முடியாது" என்றேன்.

பொய்தான். ஆனால் யாருக்கும் கேடில்லாத பொய். வள்ளத்தைத்தானே நகர்த்தச் சொன்னேன், ஆளையா தொட்டேன்?

ஜூலை 13, ஞாயிறு

கடல் கோயில் குளம்போல் கிடக்கிறது. பூசை முடிந்து வெளியே வரும்போது, "உன் கள்ளக்கடல் வழி தவறிட்டுதோ?" என்று கேலி செய்தார்கள். சிரித்து வைத்தேன்.

பதினொரு மணிக்குத் தாசில்தார் ஜீப்பில் வந்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பயந்துபோய் அவர் ஆபீசுக்குப் போன் செய்திருக்கிறார். "எங்களுக்கே வராத எச்சரிக்கை உங்களுக்கு மட்டும் எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டார். போன வருஷத்துச் செய்தியை மாற்றி வாசித்துவிட்டேன் சார் என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார். திரும்பும்போது கல் குவியலைப் பார்த்தார். பாட்டில்களைப் பார்த்தார். பெட்ரோல் வாடை அடித்ததோ என்னவோ, ஜீப்பை நேரே செம்பாறைக்கு விடச் சொன்னார். அங்கேயும் அதையேதான் பார்த்திருக்கிறார். சாயங்காலம் இரண்டு ஊரிலும் போலீஸ். வியாழக்கிழமை அமைதிக் கூட்டம்.

எனக்கு மூச்சு வந்தது. நன்றி மாதாவே என்று முழங்கால் போட்டேன். அப்போதுதான் அம்மாவின் போன்.

நேற்று வள்ளத்தை மேடேற்றும்போது உருளைக்கட்டை நழுவியிருக்கிறது. வள்ளம் சாய்ந்து கிளாடியஸின் வலது கணுக்கால் நொறுங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்களாம்.

'வள்ளத்தை மட்டும்தான், ஆளைத் தொடமாட்டோம்.' வெள்ளிக்கிழமை இவர் சொன்னதை நேற்று நானும் எழுதியிருக்கிறேன். இப்போதுதான் கண்ணில் படுகிறது. அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். கை வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மச்சினன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் மாப்பிள்ளை போகாமல் இருக்க முடியாது. ஊர் என்ன சொன்னாலும் அது வேறு, இது வேறு. அந்திரேயா ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு காலையிலேயே போனார்.

மாலையில் வந்தார். செருப்பைக் கழற்றாமல் முற்றத்திலேயே நின்றார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "நல்லாருக்கான்" என்றார். சாப்பிட்டார். ஷைனிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு பாயை எடுத்துக்கொண்டு முற்றத்தில் போய்ப் படுத்துவிட்டார்.

ஜூலை 17, வியாழன்

கூட்டம் பொதுவான இடமாக அரசுப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. வலது பக்கம் அவர்கள், இடது பக்கம் நாங்கள். என்னை விளக்கம் சொல்ல வரச் சொல்லியிருந்ததால் நானும் போனேன். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன்.

வலை விஷயம் சீக்கிரம் முடிந்தது. "தெரியாம ஏறியிருக்கும், கிழிஞ்ச வலைக்கு நாங்க பொறுப்பு" என்று அவர்கள் சொன்னார்கள். அதைத் திங்கட்கிழமையே யாரும் கேட்கவில்லை.

பிறகு பெலவேந்திரன் எழுந்தார். "வலை கெடக்கட்டும். செவ்வாய்க்கிழமை ஏன் ஒருத்தரும் கடலுக்குப் போவல? அங்கதான ஆரம்பிச்சுது? எங்கள அடிக்கத்தான கரையில உக்காந்தீங்க?"

செம்பாறைத் தலைவர் துள்ளி எழுந்தார். "நாங்களா? உங்க ஊர்லருந்துதானய்யா சேதி வந்துச்சு, நாளைக்குக் கடலுக்குப் போகாதீங்க, இங்க சூடா இருக்குன்னு! நீங்க அடிக்கப் போறீங்கன்னு பயந்துதான் கெடந்தோம். பிள்ளைகள ஒதுக்கினதும் அதுக்குத்தான்."

"எவன் சொன்னான்? எங்க ஊர்ல எவன் சொன்னான்?"

பள்ளிக்கூடமே கத்தியது. எனக்குக் காது அடைத்துப் போயிற்று. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வரவில்லை. மைக்கில் ஊருக்கே கேட்கிற தொண்டை.

"நான்தான்" என்று குரல் வந்தது. அந்திரேயா எழுந்து நின்றார். "மச்சினன்கிட்ட நான்தான் சொன்னேன். கல்யாண மாப்பிள்ளைன்னு ஒரு பயம். அவன ஒருத்தன மட்டும் நெனைச்சுச் சொன்னது, ஊருக்கே போயிட்டு."

பெலவேந்திரன் அவரைப் பார்த்த பார்வை! போன வெள்ளிக்கிழமை முதல் வள்ளத்தில் நான் போகிறேன் என்று சொன்னவர் அல்லவா இவர். பெரியத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

குற்றவாளி ஒருவன் கிடைத்ததும் சமாதானம் எவ்வளவு லேசாக வந்தது தெரியுமா? இரண்டு ஊரும் சேர்ந்து அவரைத் திட்டியது. திட்டத் திட்ட ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். செப்டம்பரில் மாதா திருவிழா முடியும்வரை அந்திரேயா கடலில் இறங்கக் கூடாது என்று தீர்ப்பு. டீ கொடுத்தார்கள். கலைந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அழுதுகொண்டே வந்தேன். ஓடைக்கரையில் நின்றார்.

"ஆஸ்பத்திரியில உன் தம்பி சொன்னான். யக்கா சொல்லித்தான் நாங்க போவலன்னு."

"நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியும். நானும் நல்லதுக்குத்தான் தீ வைக்கக் கெளம்பினேன்." பிறகு கேட்டார். "அவன் வள்ளத்துலதான் படுத்திருந்தானாம். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"காவல் போட்டிருக்கானுவளா, அப்ப தயாராத்தான் இருக்கானுவன்னு சொல்லிருப்பீங்க."

அவர் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார்.

"சொல்லிருப்பேன்" என்றார்.

கள்ளக்கடலைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

அலை ஒன்றரை மீட்டர். காற்று மிதம். மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது, வேலை போகவில்லை. இவர் கரையில் உட்கார்ந்து ஊரார் வலையையெல்லாம் பழுது பார்த்துக் கொடுக்கிறார். கடலுக்குப் போகாத மீனவன் வீட்டில் இருந்தால் பொண்டாட்டிக்குப் பைத்தியம் பிடிக்கும். டப்பாவை எல்லாம் உயர வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார். சீனி எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

மாலையில் பெலவேந்திரன் வந்து ஒரு மாதிரிப் பேசிவிட்டுப் போனார். நேற்று செம்பாறை வள்ளம் ஒன்று நம் வலை கிடக்கிற பக்கம் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றதாம். "எதுக்கு நின்னான்? சும்மாவா நிப்பான்?" இன்ஜின் பழுதாக இருக்கும், இல்லாமலும் இருக்கும்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் அம்மாவின் போன்.

"கிளாடியஸுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. நொண்டித்தான் நடக்கான். நாளைக்குக் கடலுக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கான், இருக்கிற ஒரு நல்ல கால்ல. அங்கன எப்படி இருக்கு? அனுப்பலாமா?"

நாக்கு நுனியில் வந்துவிட்டது. அதே வார்த்தை. ஒரே ஒரு நாள், அவன் ஒருவன் மட்டும் வீட்டில் இருக்கட்டும். அவ்வளவுதானே? நாளைக்கு ஏதாவது நடந்தால் நான் உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம்? போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"போகச் சொல்லுங்கம்மா."

"நல்லாத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா. போகச் சொல்லுங்க."

திரும்பினால் இவர் வலை ஊசியோடு கதவருகே நிற்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ.

"மச்சினன் நாளைக்குப் போறானா?"

"போறான்."

ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினார். போன தடவை சட்டை மாட்டியது எதற்கென்று நினைவு வந்தது.

"எங்க போறீங்க?"

"பெலவேந்திரன்கிட்ட. நாளைக்குக் கடல்ல நிக்கிறது எம் மச்சினன், கால் சரியில்ல, எங்கயாவது இன்ஜின அணைச்சிட்டு நின்னா போயி என்னன்னு கேளுங்கன்னு சொல்லிட்டு வாரேன்."

"கேக்கச் சொல்லுவீங்களா?"

"ஆமாட்டி. கேக்கத்தான்."

ஆகஸ்ட் 28, வியாழன்

அலை ஒன்றரை மீட்டர்.

நம் வள்ளங்கள் எல்லாம் கடலில். செம்பாறை வள்ளங்களும் கடலில். தம்பியுடையது மஞ்சள் பட்டை போட்டது. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நானும் இவரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நேத்து மைக்குல வாசிச்ச அலை நெசந்தானா?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கள்ளக்கடல் பொய்யை எப்போது கண்டுபிடித்தாரோ, எத்தனை நாளாக உள்ளே வைத்திருந்தாரோ.

"நெசந்தான்" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கடலைப் பார்த்தார். மஞ்சள் பட்டை வள்ளம் நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. இன்ஜின் சத்தம் இல்லை. எங்கள் ஊர் வள்ளம் ஒன்று அதை நோக்கித் திரும்பியது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வள்ளமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இங்கிருந்து ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கள் வள்ளத்திலிருந்து, கட்டி இழுக்க, ஒரு கயிறு பறந்து போய் அந்த வள்ளத்தில் விழுந்தது.